வீட்டில் முதல் பட்டதாரி

என் மகள் மெஹ்ஜபீன் பதினோராம் வகுப்புக் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்த மறுநாள் காலை, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ஊசிநூலால் தைத்து ஒரு சின்ன நோட்டாக்கி, என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். முதல் தாளின் பின்பக்கத்தில் ‘காலேஜ்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

“இன்னும் பன்னெண்டாவதே ஆரம்பிக்கலையேம்மா” என்றேன்.

“ஆரம்பிச்சுட்டா டைம் இருக்காது அத்தா. போன வருஷம் எங்க ஸ்கூல் அக்கா ஒருத்தங்க சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சே கவுன்சிலிங்ல ஒரு ரவுண்டைக் கோட்டை விட்டுட்டாங்க. நான் இந்த லீவுலயே எல்லாத்தையும் வாங்கி வெச்சிடப் போறேன்.”

தாள்களைப் புரட்டினேன். மே மாதம் முடிவதற்குள் வாங்க வேண்டிய சான்றிதழ்கள், ஜூனில் திருத்த வேண்டிய ஆதார், டிசம்பரில் கவனிக்க வேண்டிய நுழைவுத் தேர்வு அறிவிப்பு, அடுத்த வருஷம் விண்ணப்பம் திறக்கும் நாள் உத்தேசமாக இது, மூடும் நாள் உத்தேசமாக இது, எந்தக் காலேஜில் எந்தப் பிரிவு, போன வருஷம் எத்தனை மார்க்குக்குக் கதவை மூடினார்கள். பதினாறு வயசுப் பெண் வரப்போகிற பதினைந்து மாதத்தைக் காய்கறி வாங்கும் சீட்டு மாதிரி எழுதி வைத்திருக்கிறாள். நாளை மறுநாள் என்ன செய்வேன் என்று தெரியாமலே நாற்பத்து மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டவன் நான். மாஷா அல்லா, இது யார் வயிற்றில் பிறந்தது என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். கேள்வியை அப்போதே வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். பதில் சமையல்கட்டில்தான் சட்னி தாளித்துக்கொண்டிருந்தது.

என் பெயர் சமீர். பஸ் நிலையம் போகிற ரோட்டில் செருப்புக் கடை. எங்கள் அத்தா காலத்துக் கடை. இந்த ஊரில் செருப்புக் கடை வைப்பது ஒரு தனி விவகாரம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனம் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு மலையைச் சுற்றப் போகும். திரும்பி வரும்போது பாதிப் பேருக்குச் செருப்பை எங்கே விட்டோம் என்று மறந்திருக்கும், மீதிப் பேருடையதை வேறு யாராவது மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள். மறுநாள் காலை எல்லோரும் நொண்டிக்கொண்டு என்னிடம்தான் வரவேண்டும். வந்தவர்களைச் சைஸ் கேட்கவே மாட்டேன். வாசலில் கால் வைக்கும்போதே பார்த்துவிடுவேன். ஏழு, எட்டு, அகலப் பாதம், வலது கால் கொஞ்சம் பெரிசு என்று மனசில் விழுந்துவிடும். தப்பு வந்ததே இல்லை. இந்தக் கர்வம் எனக்கு உண்டு. பக்கத்து விளக்குக் கடை சக்கரவர்த்தி, “உனக்கு மனுஷங்க மூஞ்சி தெரியாதுய்யா, காலுதான் தெரியும்” என்பார்.

அந்த வாரமே அப்பனும் மகளும் இ-சேவை மையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் சினேகா என்கிற பெண். ஜாதிச் சான்றிதழ், வருமானம், இருப்பிடம் எல்லாம் வரிசையாகப் பதிந்துகொண்டே வந்தாள். மெஹ்ஜபீன் நோட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் முதல் பட்டதாரிச் சான்றிதழ். ஒரு வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்குக் கொடுப்பது. அது இருந்தால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் ஃபீஸ் பெருமளவு குறையும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருந்துவிட்டால் கிடையாது. மெஹ்ஜபீன் நோட்டில் அதற்கு மட்டும் நட்சத்திரம் போட்டிருந்தாள், ஏனென்றால் மற்றக் கணக்கெல்லாம் அதை நம்பித்தான் நின்றது.

“வீட்ல யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களாண்ணா? தாத்தா பாட்டி, கூடப் பொறந்தவங்க?”

“எங்க பரம்பரையிலயே கிடையாதும்மா.”

“நீங்க?”

“பத்தாவது.”

“இவங்க அம்மா?”

“பன்னெண்டு.”

“நல்லாத் தெரியுமில்ல? அப்புறம் மாத்த முடியாது.”

“எம் பொண்டாட்டி என்ன படிச்சான்னு எனக்குத் தெரியாதாம்மா?” என்று சிரித்தேன். சினேகா உறுதிமொழித் தாளை அச்செடுத்துக் கொடுத்தாள். எங்கள் குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என்று உறுதி கூறுகிறோம். கீழே அப்பாவுக்கு ஒரு கோடு, அம்மாவுக்கு ஒரு கோடு. என் கோட்டில் அங்கேயே பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். கடைக்குப் போகும் வழியில் டீக்கடையில் சொன்னேன், சக்கரவர்த்தியிடம் சொன்னேன், செருப்பு வாங்க வந்த செங்கம் ஆசாமி ஒருவரிடம்கூடச் சொன்னேன். “எம் பொண்ணுதாங்க எங்க வம்சத்துல முதல் பட்டதாரி. இன்ஷா அல்லா.”

வீட்டில் என் மனைவி கைசர் ஜஹான் தாளை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தாள். பிறகு, “கை ஈரமா இருக்கு, வைங்க” என்றாள். ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். மறுநாள் கண்ணாடியைக் காணோம் என்றாள். அதற்கு மறுநாள் தலைவலி. தாள் அங்கேயே ஊறுகாய் ஜாடிக்கு அடியில் கிடந்தது. மெஹ்ஜபீன் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பாள், அம்மாவைப் பார்ப்பாள். இன்னொன்றும் நடந்தது. பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று மகள் பீரோவைத் திறந்தபோது, கைசர் சமையல்கட்டிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்து, “நீ கலைச்சுடுவ, நானே எடுத்துத் தரேன்” என்று கதவைச் சாத்தினாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பெண்கள் பீரோவைத் தொடவிடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தேன். மெஹ்ஜபீன் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். கைசர் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து, ஒரு பச்சை ஃபைலை என் பக்கம் தள்ளினாள். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபைல் அது. தடுப்பூசி அட்டை, எடை எழுதிய சீட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். பதினாறு வருஷமாக அதை அவளைத் தவிர வேறு யாரும் பிரித்ததில்லை.

“கையெழுத்து போடச் சொன்னா போடறேன். அதுக்கு முன்னாடி இதை ஒரு வாட்டி பாத்துடுங்க” என்றாள்.

தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் மூன்று மதிப்பெண் பட்டியல்கள், ஒரு தற்காலிகச் சான்றிதழ். அதில் ஒட்டியிருந்த போட்டோவில் முக்காடு போட்ட ஒரு பத்தொன்பது வயசுப் பெண் என்னை நேராகப் பார்த்தாள். எம். கைசர் ஜஹான். இளம் அறிவியல், கணிதம். அஞ்சல் வழிக் கல்வி. முதல் வகுப்பு. கடைசிப் பட்டியலில் இருந்த தேதியைப் பார்த்தேன். எங்களுக்கு நிக்காஹ் ஆகி ஆறேழு மாதம் கழிந்த தேதி.

“பதினேழு வருஷமா?” என்றேன். உண்மையைச் சொல்வதானால் எனக்கு வியப்பு வரவில்லை அப்போது, கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது அந்தப் போட்டோ. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் ஒரு வயசான அம்மாவுக்கு எட்டாம் நம்பரை எடுத்துப் போட்டேன். அந்த அம்மா அதை மாட்டிக்கொண்டு நாலடி நடந்துவிட்டு, “இது எம் புருஷனுக்குத்தான் சரியா இருக்கும் தம்பி” என்றாள். என் கடை வாழ்க்கையில் முதல் தப்பு. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நாள் ஞாபகத்துக்கு வந்தது. மெஹ்ஜபீன் தரையில் நோட்டைப் பரப்பிக் கணக்குப் போடுவாள். கைசர் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். நறுக்குகிற கை நிற்காமலே, “ரெண்டாவது வரியில மைனஸை விட்டுட்ட பாரு” என்பாள். மகள் அழித்துவிட்டுத் திருப்பிப் போடுவாள். பிள்ளை படிக்கும்போது எல்லா வீட்டு அம்மாவும் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்று நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். எத்தனை வருஷம். எத்தனை மைனஸ்.

அப்புறம் வேறொன்று ஞாபகம் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம். எனக்குப் பெண் பார்த்த தரகரிடம் நான்தான் சொன்னேன், இதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. “பன்னெண்டுக்கு மேல படிச்ச பொண்ணு வேணாங்க. நான் பத்தாவது. நாளைக்கு என்னையே கேள்வி கேப்பா.” தரகர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தப் பேச்சுதான் கீழ்பென்னாத்தூரில் கைசர் வீட்டுக்குப் போயிருக்கிறது. என் மாமனார் மதார் சாகிப், அல்லா அவரைப் பொருந்திக்கொள்ளட்டும், பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அவரைப் பொய் சொல்லவைத்தவன் நான். கோபம் இறங்கிப்போய் அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சக்கரவர்த்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டை மட்டும் எடுத்திருந்தாள்.

“தரகர்கிட்ட நான் சொன்னது உனக்குத் தெரியுமா?”

“தெரியும். எங்க அத்தா அழுதாரு. நான் ரெண்டு வருஷம் முடிச்சிருந்தேன், இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. படிப்பை விட்டுடும்மா, நல்ல பையன்னு சொன்னாரு. சரின்னேன்.”

“அப்புறம் எப்படி எழுதின?”

“விட முடியலைங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். மனசு கேடுகெட்டது. இத்தனைக்கு நடுவிலும் அந்த நட்சத்திரம் போட்ட வரிதான் கண்ணுக்குள் நின்றது. பிள்ளையின் நோட்டு முழுக்க அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

“இது நமக்குள்ள இருக்கட்டும். கையெழுத்து போட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது” என்றேன்.

“யாருக்கும் தெரியாதுதான். உங்களுக்கே தெரியலையே” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. எழுந்துபோய் ஊறுகாய் ஜாடியை நகர்த்தித் தாளை எடுத்துவந்தாள். பேனாவைத் திறந்தாள். கோட்டின் மேல் முனையை வைத்துவிட்டு நிறுத்தினாள்.

“போட்டுடறேன். போட்டுட்டா அப்புறம் இதைப் பேசக் கூடாது இல்லையா, அதனால ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போட்டுடறேன். மசக்கை, உடம்பு முடியலைன்னு எங்கம்மா வீட்ல போய் இருந்தேனே, அப்பதான் பரீட்சை. சென்டர் இங்கதான், இந்த ஊர்லயே. கீழ்பென்னாத்தூர்லருந்து பஸ்ஸுல வருவேன். உங்க கடையைத் தாண்டித்தான் போவணும்.”

“எங் கடையையா?”

“ஒவ்வொரு பேப்பருக்கும். முகத்தை மூடிட்டு எதிர்வாடையில போயிடுவேன். கடைசி பேப்பர் அன்னிக்கு சித்ரா பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலயே நிறுத்திட்டாங்க. கூட்டத்துல நடந்து வரேன், உங்க கடைக்கு நாலு கடை இருக்கும்போது செருப்பு வார் அறுந்துபோச்சு. தார் ரோடு கொதிக்குது. உங்க கடை வாசல்ல வந்து நின்னேன். ஒரு ஜோடி வாங்கிட்டா போயிடலாம். நீங்க ஒரு பாட்டிம்மா காலுக்கு மாட்டிப் பாத்துட்டு இருந்தீங்க. முகத்தை மூடிக்கலாம், காலை எங்க மூடறது? உங்களுக்குத்தான் காலைப் பாத்தாப் போதுமே. செருப்பைக் குப்பையில போட்டுட்டு நடந்தேன். அன்னிக்கு ஊரே வெறுங்கால்ல நடந்துச்சு. என்னை யாரும் திரும்பிப் பாக்கலை. ஆறாம் மாசம். வயித்துல இவ உதைச்சுக்கிட்டே வந்தா. மூணு மணி நேரம் எழுதினேன். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிஞ்சுதுங்க.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்று வந்துபோனது. பதினேழு வருஷத்தில் நான் பார்க்காத முகம். போட்டோவில் இருந்த பெண்ணின் முகம்.

அந்தக் காலை நான் தொட்டிருக்கிறேன். சித்ரா பௌர்ணமி முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாம்பழம் வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். வெந்நீர் கொட்டிவிட்டது என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கையால் மருந்து தடவினேன். வெந்நீர் மேல்பாதத்தில் கொட்டுமே, உள்ளங்காலில் எப்படிக் கொட்டும் என்று பாதத்தையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்குத் தோன்றவில்லை. ஆறாம் நம்பர் பாதம், விரல்கள் அழகு என்று நினைத்துக்கொண்டே தடவினேன். யா அல்லாஹ், அந்தக் கால் என் கடை வாசலில் வந்து நின்றுவிட்டு, என்னைத் தாண்டிப்போய், முதல் வகுப்பில் பாஸ் செய்துவிட்டு வந்து என் மடியில் கிடந்திருக்கிறது.

உள்ளறை வாசலில் மெஹ்ஜபீன் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வந்து அம்மாவின் கையிலிருந்து பேனாவை எடுத்து மூடினாள்.

“குடுடி. போட்டுடறேன். உன் சீட்டு முக்கியம்” என்று கைசர் கையை நீட்டினாள். “நான் இனிமே அந்த டிகிரியை வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?”

“நானும் உள்ள இருந்தேன்ல, அந்தப் பரீட்சை ஹால்ல?” என்றாள் மகள்.

“உதைச்சுக்கிட்டே இருந்த.”

“அப்ப நான் எப்படிம்மா முதல் பட்டதாரி?”

பிறகு என்னைப் பார்த்தாள். “இன்னும் ஒரு வருஷம் இருக்கு அத்தா. வேற ஸ்காலர்ஷிப் எதெது இருக்குன்னு தேடறேன். கிடைக்கலைன்னா லிஸ்ட்ல காலேஜை மாத்தறேன். அதுக்குத்தானே இப்பவே ஆரம்பிச்சேன்.”

அந்த நட்சத்திரத்தை எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. தாளை வாங்கி, என் கையெழுத்தும் வெறும் கோடுமாக நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கைசர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பேப்பராகப் படித்தாள். நடுவில், “இதுல எப்படிம்மா தொண்ணூத்தி நாலு?” என்று கேட்டாள். அழுதுகொண்டே கைசர் அதற்குப் பதில் சொன்னாள். அவர்கள் பேசியதில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எழுந்துபோகவும் மனசில்லாமல் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் சக்கரவர்த்தியிடம் சொன்னேன். “எம் பொண்ணு முதல் பட்டதாரி இல்லைங்க.”

“அடடா, என்னாய்யா ஆச்சு?” என்று பதறினார்.

“அவங்கம்மா முந்திக்கிட்டாங்க” என்றேன். விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

நோட்டில் நட்சத்திரம் போட்ட வரியை மெஹ்ஜபீன் ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. ‘அம்மா: பட்டமளிப்புச் சான்றிதழ், விண்ணப்பம்.’ தபாலில் வீட்டுக்கு வந்துவிட்டால் தெரிந்துவிடுமே என்று கைசர் அதற்கு எழுதிப் போடவே இல்லையாம். இத்தனை வருஷம் கழித்தும் கொடுப்பார்களா, அபராதம் உண்டா, என்னென்ன தாள் வேண்டும் என்று மகள் இரண்டு நாளில் விசாரித்துத் தனியாக ஒரு பக்கம் எழுதிவிட்டாள். கொடுப்பார்கள் போலத்தான் இருக்கிறது, உறுதியாகத் தெரியவில்லை.

மூன்று பேருமாக இ-சேவை மையத்துக்குப் போனது வைகாசிப் பௌர்ணமி அன்று. ரோட்டில் ஜனம் வந்துகொண்டே இருந்தது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், காலேஜ் பையன்கள், எல்லாம் வெறுங்கால். கடையைத் தாண்டும்போது கைசர் ஒரு நிமிஷம் வேகத்தைக் குறைத்தாள். நானும் குறைத்தேன்.

சினேகாவுக்கு அன்று நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் திரையைப் பார்த்தபடியே, “ஸ்டூடண்ட் பேர் சொல்லுங்க” என்றாள்.

பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மெஹ்ஜபீன் அம்மாவின் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

“கைசர் ஜஹான்.”

சினேகா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு நாற்காலியைக் காட்டி, “உக்காருங்கம்மா. போட்டோ எடுக்கணும். முகத்துணியை எடுத்துட்டு நேரா பாருங்க” என்றாள்.

கைசர் உட்கார்ந்து, முகத்துணியை விலக்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கேமரா எங்கே என்று தெரியாமல் முதலில் என்னைப் பார்த்தாள். சினேகா விரலால் காட்டியதும் அந்தப் பக்கம் திரும்பினாள். வாசலில் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. நான் அந்தக் கால்களைப் பார்க்கவில்லை. திரையில் ஒரு கட்டத்துக்குள் அவள் முகம் வந்து நின்றது, கொஞ்சம் பயந்த மாதிரி, கண்ணிமைக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு.